யாரைக் கேட்டு? அடிமை நாடுகள் விடுதலை நாடியதன் காரணத்தைச் சிறார்க்குக் கற்பிக்கும் முறை

முன்னுரை

அடிமைப்பட்ட நாடுகள் தம்மை ஆண்ட நாடுகளிடமிருந்து விடுதலை பெற விழைந்தது ஏன் என்னும் வினா, பள்ளிச் சமூக அறிவியல் பாடத்தில் தவறாமல் இடம்பெறும் நெடுவினாக்களுள் ஒன்று. வரிச்சுமை, கைத்தொழில் நசிவு, இனவேற்றுமை, உரிமை மறுப்பு எனக் காரணங்களை எண்ணிட்டு எழுதி மாணவர் மதிப்பெண் பெற்றுவிடுகின்றனர். தேர்வு முடிந்ததும் விடைத்தாளைக் கட்டிவைப்பது போலவே அவ்வறிவையும் கட்டிவைத்துவிடுகின்றனர்.

ஆயினும் கூர்மதி படைத்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அணை கட்டியவர்கள் அவர்கள், இருப்புப்பாதை போட்டவர்கள் அவர்கள், அஞ்சலும் ஆங்கிலப் பள்ளியும் தந்தவர்கள் அவர்கள். பிறகு அவர்களை ஏன் வெளியேறச் சொன்னோம்?" என்று வினவினால், மனப்பாடப் பட்டியல் அவனுக்கு விடையாகாது. அவனைக் கடிந்து அமரச் செய்வதும் முறையாகாது. அவன் கேட்டது நேர்மையான வினா. அதற்கு நேர்மையான விடை வேண்டும்.

அவ்விடையைத் தேடித் தில்லிக்கோ இலண்டனுக்கோ செல்ல வேண்டுவதில்லை. பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களின் எல்லைக்குள்ளேயே அதற்குரிய சான்றுகள் கல்லாகவும் பாலமாகவும் கோட்டையாகவும் நிற்கின்றன. அவற்றைக் கொண்டு இவ்வரலாற்றை மூன்று வினாக்களில் அடக்கிச் சிறார்க்கு உணர்த்தலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். யாரைக் கேட்டு முடிவு செய்தார்கள்? யாருக்குப் பயன்? தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு? இவையே அம்மூன்று வினாக்கள்.

சொல்லிலிருந்து தொடங்குவோம்

தமிழ் கற்பிப்போராகிய நாம் முதலில் சொல்லைத் தெளிவுபடுத்த வேண்டும். 'காலனி ஆதிக்கம்' என்று பாடநூல் கூறுகையில், சிறுவனின் நினைவுக்கு வருவது காலில் அணியும் காலணியோ ஊருக்கு வெளியே உள்ள குடியிருப்போதான். உழவனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்து, புதிய நிலத்தில் குடியேறியோரின் ஊரைக் குறித்த சொல் அது. நாளடைவில் ஒரு நாடு தன் எல்லைக்கு அப்பால் அடக்கி ஆளும் நிலப்பரப்புக்கு அது பெயராயிற்று.

அச்சொல்லே நம் ஊர்களில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பைச் சுட்டும் வசைக்குறியாகவும் மாறிற்று. அதனை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் அறிவித்தமை நாம் அறிந்ததே. ஒருவருக்குப் பெயரிடும் உரிமையைக்கூடப் பிறர் எடுத்துக்கொள்வது எத்தகையது என்பதை இச்சொல்லின் வரலாறே மாணவர்க்கு உணர்த்திவிடும். பாடத்திற்கு இதனினும் ஏற்ற நுழைவாயில் இல்லை எனலாம்.

முதல் வினா: யாரைக் கேட்டு?

அரியலூர் மாவட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரம் உள்ளது. முதலாம் இராசேந்திர சோழன் 11ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த பெருங்கோயில் அங்கு விளங்குகின்றது. 2004ஆம் ஆண்டில் அஃது உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்க்கப்பெற்றது. சுற்றுலா செல்லும் மாணவர் விமானத்தின் உயரத்தை அண்ணாந்து பார்ப்பர். கோயிலைச் சூழ்ந்திருந்த பெருமதில் எங்கே போயிற்று என்று கேட்போர் சிலரே.

அம்மதிலின் கற்கள் அணைக்கரைக்குச் சென்றன. 1836ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளரின் திட்டப்படி கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பெற்றபோது, அருகிலிருந்த இக்கோயிலின் மதிலும் வேறு பகுதிகளும் கல்லுக்காகப் பிரிக்கப்பட்டன. ஊர் மக்கள் தம்மால் இயன்றவரை தடுத்தனர். தடுத்தோர் தண்டிக்கப்பட்டனர். கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதிலாவது எழுப்பித் தருவதாக வாக்களிக்கப்பட்டது. அவ்வாக்கு நிறைவேற்றப்படவில்லை என்பதை அந்நூற்றாண்டின் நடுவிலேயே ஆங்கிலத்தில் எழுதிய ஒருவர் வருத்தத்தோடு பதிவு செய்துள்ளார்.

இங்கு நாம் நடுநிலை பிறழாது பேச வேண்டும். கீழணையால் நன்மை விளைந்தது உண்மை. வீராணம் ஏரிக்கு நீர் சென்றது. பல்லாயிரம் ஏக்கர் நிலம் பயன் பெற்றது. இன்று சென்னை மாநகரின் தாகத்தைத் தணிப்பதிலும் அந்நீருக்குப் பங்குண்டு. காட்டன் திறமை வாய்ந்த பொறியாளர் என்பதிலும் ஐயமில்லை. அணை நல்லதா கெட்டதா என்பதன்று இங்கு வினா. எந்தக் கல்லை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்தபோது, அவ்வூரில் பிறந்து அவ்வூரில் வாழ்ந்தோரின் சொல்லுக்கு மதிப்பு இருந்ததா என்பதே வினா. மதிப்பு இல்லை. 'வேண்டா' என்று சொன்னது குற்றமாயிற்று.

இதனை விளக்கும்போது மாணவரின் இல்லத்தையே எடுத்துக்காட்டாக்கலாம். ஒருவர் நம் வீட்டிற்குள் நுழைந்து, நம்மைக் கேளாமல் பாட்டனார் கட்டிய சுவரை இடித்து, அக்கல்லால் தெருவுக்குக் கிணறு கட்டுகிறார். கிணற்று நீர் இனிமையாகத்தான் இருக்கும். ஆயினும் அவ்வீடு நம்முடையதுதானா என்னும் ஐயம் நமக்கு எழாதா? அந்த ஐயமே விடுதலை வேட்கையின் வித்து.

நம் நாட்டிற்கு மட்டும் உரிய உணர்வன்று இது. 1773ஆம் ஆண்டு திசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் வீசினர். அத்தேயிலை நம்மை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கும்பினியின் சரக்கு. அவ்வாண்டின் புதுச் சட்டத்தால் அதன் விலை குறைந்தே இருந்தது. விலை மலிவாயினும் மக்கள் மறுத்தனர். தம் பேராளர் ஒருவர்கூட இல்லாத இலண்டன் நாடாளுமன்றம் தமக்கு வரி விதிக்கலாகாது என்பதே அவர்களின் வாதம். மூன்றாண்டுகளில், 1776இல், அந்நாடு விடுதலை சாற்றிற்று. அவ்விடுதலையில் அங்கு அடிமைகளாய் உழன்ற கறுப்பின மக்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுதல் நேர்மையாகும்.

நம் நாட்டிலும் 1939 செப்டம்பரில் இந்தியா போரில் இறங்கிவிட்டதாக வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் எவரையும் அவர் கலந்துகொள்ளவில்லை. மாகாணங்களில் ஆட்சியிலிருந்த காங்கிரசு அமைச்சரவைகள் இதனை எதிர்த்துப் பதவி விலகின. மதிலானாலும் போரானாலும் குறை ஒன்றே.

கலந்தாலோசித்து முடிவெடுத்தல் நம் மரபுகளுக்குப் புதிதன்று. திருக்குர்ஆனின் 42ஆம் அத்தியாயம் 'அஷ்ஷூரா', அதாவது கலந்தாலோசனை, என்றே பெயர் பெற்றுள்ளது. திருவள்ளுவர் செங்கோன்மைக்கு ஓர் அதிகாரமும் கொடுங்கோன்மைக்கு அடுத்த அதிகாரமும் வகுத்தார். ஆளப்படுவோரின் மனத்தை அறியாத ஆட்சி நிலையாது என்பதே இவ்விரு மரபுகளும் நமக்குக் காட்டும் நெறி.

இரண்டாம் வினா: யாருக்குப் பயன்?

விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிராப்பள்ளி செல்லும் இருப்புப்பாதை 1920களின் இறுதியில் திறக்கப்பெற்றது. அதனை இயக்கிய தென்னிந்திய இரயில்வே கும்பினி இலண்டனில் பதிவு பெற்றது. இந்திய இருப்புப்பாதைகளின் தொடக்கக் காலத்தில் முதலிட்ட ஆங்கிலேயப் பங்குதாரர்க்கு நூற்றுக்கு 5 வீதம் வருவாய் உறுதி செய்யப்பட்டிருந்தது. வருவாய் குறைந்தால் அக்குறையை நிரப்பியது இந்திய உழவன் கட்டிய வரிப்பணம். இலாபம் அங்கே, நட்டத்தின் சுமை இங்கே.

பருத்தி விளையும் கரிசல் மண்ணில் வளரும் பெரம்பலூர்ச் சிறுவனுக்கு அடுத்த செய்தி எளிதில் விளங்கும். இந்தியப் பருத்தி கப்பலேறி இங்கிலாந்தின் இலங்காசயர் ஆலைகளுக்குச் சென்றது. அங்கே துணியாகித் திரும்பி வந்து நம் சந்தைகளை நிரப்பிற்று. செயங்கொண்டம், உடையார்பாளையம் பகுதிகளில் இன்றும் தறியொலி கேட்கின்றது. ஆலைத்துணி மலிந்த அந்நாளில் நாடெங்கும் எத்தனை தறிகள் ஓய்ந்திருக்கும் என்பதை அவ்வொலியைக் கேட்கும் சிறுவன் எண்ணிப் பார்க்கலாம்.

நாமே தொழில் நடத்தலாமே என்று முயன்றோரின் நிலை என்னவாயிற்று? 1906ஆம் ஆண்டில் வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் பெரும் பங்குதாரராகத் தோள் கொடுத்தவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்னும் பெருவணிகர். போட்டியிட்ட ஆங்கிலேய நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று. 1908இல் வ.உ.சி. சிறைப்பட்டார். 1911இல் சுதேசி நிறுவனம் கலைக்கப்பட்டது. தம் கடலில் தாம் கப்பல் விடுவதும் அரிதாயிருந்த நிலை இது. உப்பின் மீதும் வரி இருந்தது. 1930 ஏப்ரல் 13 அன்று இராசாசி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியம் நோக்கித் தொண்டர் நடந்ததன் காரணத்தை இப்பின்னணியில் வைத்தே மாணவர்க்கு உரைத்தல் வேண்டும். இன்றைய பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகள் அன்று அத்திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்தவையே.

மூன்றாம் வினா: தவறினால் யார் பொறுப்பு?

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. 'தாது வருடப் பஞ்சம்' என்று நம் முன்னோர் அதனைக் குறிப்பிடுவர். இந்திய அளவில் 50 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர் என மதிப்பிடுகின்றனர். மழை பொய்த்தது இயற்கை. ஆனால் அக்காலத்திலும் தானியம் கப்பலேறிக் கொண்டிருந்தது. நிவாரணப் பணியில் உடலுழைத்த ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி அளவு வகுத்தார். அதே வேளையில் 1877 சனவரி முதல் நாளன்று, விக்டோரியா அரசியார் இந்தியப் பேரரசியானதைக் கொண்டாட வைஸ்ராய் லிட்டன் தில்லியில் பெருவிழா நடத்தினார்.

அவ்வழிவுக்கு யார் பதில் சொன்னார்? லிட்டன் 1880இல் பதவி விலகினார். ஆனால் பஞ்சம் அதற்குக் காரணமன்று. இங்கிலாந்தில் ஆட்சி மாறியதே காரணம். அவ்வாண்டிலேயே அவருக்கு 'ஏர்ல்' என்னும் உயர் பட்டமும் கிடைத்தது. அவரை நியமித்தோர் இலண்டனில் இருந்தனர். மாண்டோர் இங்கே இருந்தனர். மாண்டோரின் உறவினர்க்கு அவரைக் கேள்வி கேட்கும் வழியில்லை.

இதற்கு எதிர்நிலையில் வைத்துக் காட்டத்தக்க நிகழ்ச்சியும் அரியலூர் மண்ணிலேயே உண்டு. 1956 நவம்பர் 23 அதிகாலையில், பெருமழையால் மருதையாற்றில் வெள்ளம் புரள, அரியலூருக்கு அருகே தூத்துக்குடி விரைவு வண்டி விபத்துக்குள்ளாயிற்று. 140க்கும் மேற்பட்டோர் உயிர் நீத்தனர். அப்போது இரயில்வே அமைச்சராக இருந்தவர் இலால் பகதூர் சாத்திரி. அவர் அப்பாலத்தைக் கட்டியவரல்லர், அவ்வண்டியை ஓட்டியவருமல்லர். எனினும் ஒழுக்க நெறிப்படி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். தனிப்பட்ட முறையில் அவர் மீது குற்றமில்லை எனினும், அரசியல் நெறிக்கு முன்மாதிரியாக அமையட்டும் என்று பிரதமர் நேரு அவ்விலகலை ஏற்றார்.

பதவி விலகலால் மாண்டோர் மீளவில்லை. விடுதலை பெற்ற நாட்டிலும் வெள்ளமும் விபத்தும் அழிவும் நேரும் என்பதற்கு மருதையாறே சான்று. ஆனால் பதில் சொல்லும் கடமை ஆள்வோர்க்கு உண்டென்று நாடு அறிந்தது. 1937இல் மாகாணத் தேர்தல்களில் வாக்குரிமை பெற்றிருந்தோர் சுமார் 3 கோடிப் பேரே. 1951–52 பொதுத்தேர்தலில் ஏறத்தாழ 17 கோடிப் பேர் அவ்வுரிமை பெற்றனர். கேள்வி கேட்கும் வாய்கள் பெருகின. விடுதலை பெற்று மக்களாட்சியும் பத்திரிகை உரிமையும் நிலவும் நாடுகளில் பெரும்பஞ்சம் நேர்வதில்லை என்று பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் காட்டியமை ஈண்டு நினைக்கத்தக்கது. பசியைப் போக்குவது மழை மட்டுமன்று. பதில் சொல்லியாக வேண்டும் என்னும் அச்சமும் ஆள்வோர்க்கு வேண்டும்.

கலீபா உமர் அவர்கள் உரையாற்ற எழுந்தபோது, தாம் அணிந்த ஆடைக்கு அளவுக்கு மிகுதியான துணி எங்கிருந்து வந்தது என்று குடிமகன் ஒருவர் வினவ, விளக்கம் தந்த பின்னரே உரையைத் தொடர்ந்தார் என்று நம் பெரியோர் எடுத்துரைப்பர். மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியையும் நம் நாட்டார் மறந்திலர். இரு கதைகளையும் அடுத்தடுத்துச் சொன்னால், மூன்றாம் வினாவின் பொருள் எந்தச் சமயத்துச் சிறுவனுக்கும் உள்ளத்தில் பதியும்.

நம் பங்கையும் மறைக்கலாகாது

அந்நியர் வந்தனர், அடிமைப்படுத்தினர் என்று மட்டும் கூறி முடிப்பது அரை உண்மையே ஆகும். பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி இரஞ்சன்குடிக் கோட்டை நிற்கின்றது. 1751ஆம் ஆண்டில் அதனை அடுத்த வாலிகண்டபுரம் பகுதியில் போர் நிகழ்ந்தது. கருநாடக நவாபு பதவிக்காக மோதிய இருவருள் சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை நின்றனர். முகம்மது அலிக்கு ஆங்கிலேயர் துணை நின்றனர். ஆங்கிலேயர் தரப்புப் பின்வாங்கித் திருச்சிராப்பள்ளி சென்றது. எனினும் இறுதியில் வென்றது அத்தரப்பே. வெற்றி பெற்ற முகம்மது அலி, கும்பினிக்கும் அதன் அலுவலர்க்கும் தீராக் கடனாளியானார். அவர் மறைந்து ஆறாண்டுகளில், 1801 சூலையில், நவாபு மரபினர் ஆட்சிப் பொறுப்பை உடன்படிக்கை வழியே கும்பினியிடம் ஒப்படைக்க நேர்ந்தது. இன்றைய இவ்விரு மாவட்டங்களும் அன்றே கும்பினியின் நேர் ஆட்சிக்குள் வந்தன.

பதவிப் போட்டியில் பிறரைத் துணைக்கு அழைத்தவர்கள் நம்மவர்களே. அவ்விருவரும் இசுலாமியர் என்பதால் நாம் இதனைச் சொல்லாது விடலாகாது. பாளையக்காரர் பலரும் வணிகர் பலரும் அவ்வாறே தத்தம் நலம் நோக்கி நடந்தனர். உடன்பிறந்தார் பூசலில் ஊரார் கைக்குச் சாவி போகும் என்னும் பாடம் இரஞ்சன்குடியில் எழுதப்பட்டுள்ளது.

அதே நேர்மையோடு மற்றொன்றையும் கூறல் வேண்டும். இழந்ததில் நமக்குப் பங்கிருந்தது போலவே மீட்டதிலும் அனைவர்க்கும் பங்கிருந்தது. 1920களில் கிலாபத்தும் ஒத்துழையாமையும் ஒரே மேடையில் முழங்கின. பேரரசர் பகதூர் ஷா 1862இல் இரங்கூனில் நாடு கடத்தப்பட்ட நிலையில் மறைந்தார். கப்பலுக்குப் பணம் தந்த சேட்டும் கப்பல் விட்ட சிதம்பரனாரும் ஒரே நோக்கில் நின்றனர். விடுதலை வரலாற்றைச் சமய வாரியாகப் பிரித்துப் பங்கு கேட்கும் போக்குத் தலைதூக்கும் போதெல்லாம், ஆசிரியர் இவ்வரலாறுகளை அமைதியாக எடுத்து வைத்தால் போதும்.

வகுப்பறைக்குச் சில வழிகள்

இப்பாடத்தை நடத்துவோர்க்கு நாம் முன்வைக்கும் முறை எளியது. முதலாவதாக, காரணப் பட்டியலை எழுதிப் போடுமுன் மூன்று வினாக்களையும் கரும்பலகையில் எழுதுக. நூலில் உள்ள ஒவ்வொரு காரணமும் எந்த வினாவின் கீழ் அடங்கும் என்று மாணவரே வகைப்படுத்தட்டும். வரி முதலாம் வினாவுக்கும் இரண்டாம் வினாவுக்கும் பொருந்தும். பஞ்சம் மூன்றையும் தொடும்.

இரண்டாவதாக, ஓராண்டில் ஒரு முறையேனும் கங்கைகொண்ட சோழபுரமும் அணைக்கரையும் ஒரே நாளில் காட்டப்பெற வேண்டும். மதில் இல்லாத இடத்தையும் அணை இருக்கும் இடத்தையும் ஒருசேரக் கண்ட சிறுவன், நன்மையையும் அநீதியையும் ஒரே வேளையில் மனத்தில் தாங்கக் கற்றுக்கொள்வான். வரலாற்றறிவின் முதிர்ச்சி அதுவே.

மூன்றாவதாக, உலக வரைபடத்தை விரித்து வைக்க வேண்டும். 1945இல் 51 நாடுகளோடு தொடங்கிய ஐக்கிய நாடுகள் அவையில் இன்று 193 நாடுகள் உள்ளன. 1960ஆம் ஆண்டில் மட்டும் ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் விடுதலை பெற்றன. இலெப்பைக்குடிகாடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் கடல் கடந்து பொருளீட்டும் குடும்பங்கள் பல. மலேயா 1957 ஆகஸ்டு 31 அன்று விடுதலை பெற்றது என்று கூறினால், அவ்வூர்ப் பிள்ளைக்கு அது வெறும் ஆண்டுக் கணக்காகத் தோன்றாது.

நான்காவதாக, வெறுப்பைக் கற்பித்தல் கூடாது. நம் பாடத்தின் பகை ஓர் இனமன்று; கேளாமல் ஆளும் முறையே ஆகும். மதிலை இடித்த செய்தியைப் பதிவு செய்து வருந்தியவரும் ஆங்கிலத்தில் எழுதியவரே என்பதை மறவாமல் குறிப்பிட வேண்டும்.

முடிவுரை

இம்மூன்று வினாக்களும் 1947 ஆகஸ்டு 15இல் முடிந்துவிட்டவை அல்ல. ஊராட்சி மன்றத்தில், பள்ளி மேலாண்மைக் குழுவில், சமாஅத்து நிருவாகத்தில், ஏன், நம் இல்லத்திலும், வகுப்பறையிலும் அவை ஒலிக்க வேண்டியவை. சிறுவனின் வினாவுக்குப் பிரம்பை எடுக்கும் ஆசிரியர் விடுதலைப் பாடத்தை நடத்தவியலாது. தடுத்த ஊராரைத் தண்டித்த அதிகாரியின் இடத்தில் அல்லவா அவர் நிற்கின்றார்?

ஆதலின், 'அணை கட்டியவர்களை ஏன் வெளியேறச் சொன்னோம்?' என்று கேட்கும் மாணவனை நாம் அருகழைத்து மகிழ்வோடு பாராட்டுவோம். "தம்பி, அணை நமக்கும் வேண்டியதே. அதை எங்கே கட்டுவது, எந்தக் கல்லால் கட்டுவது, உடைந்தால் யார் பொறுப்பேற்பது என்பவற்றை நாமே கூடி முடிவு செய்ய விரும்பினோம். அதன் பெயர்தான் விடுதலை" என்று அவனுக்கு விடை கூறுவோம். அவன் அமராமல் அடுத்த வினாவைத் தொடுப்பானாயின், நம் பாடம் பலித்தது என்று கொள்வோம். அத்தகைய மாணவர் பெருக இறைவன் அருள்வானாக.